தவமணியின் வாக்கியம்

1

மனம் ஆறிய பிறகு எழுதலாம் என்று ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. ஆறாமலே எழுதுகிறேன். இலங்கையில் பதுளைப் பக்கமிருந்து இதைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் என்னோடு சேர்ந்து கொஞ்சம் கோபப்படுங்கள்.

நான் மொன்றியலுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. என் கணவர் சந்திரன் எனக்கு முன்பே வந்து, கோப்பைகள் கழுவி, அகதி வழக்குப் பேசி, விசா வாங்கி, கடைசியில் என்னையும் மகள் நிவேதாவையும் கூப்பிட்டுக்கொண்டார். இந்த ஊரில் பிரெஞ்சு தெரியாமல் ஒன்றும் நடக்காது. பதுளையில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த எனக்கு இங்கே அந்த ஆங்கிலத்தாலும் பெரிய பிரயோசனம் இல்லை. என் சான்றிதழ்களைப் பார்த்த அதிகாரி அவற்றை அழகாக அடுக்கித் திருப்பித் தந்துவிட்டு, “முதலில் பிரெஞ்சு வகுப்புக்குப் போங்கள், மதாம் முத்தையா” என்றார். முத்தையா என் அப்பாவின் பெயர். நமுனுகுலத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மனிதர். அவரை இங்கே எல்லோரும் மதாம் ஆக்கிவிட்டார்கள். திருத்திப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் அப்படித்தான் ஏறியிருக்கிறது, மாற்ற முடியாது என்றார்கள்.

எனவே இந்த வயதில் வகுப்பில் உட்காருகிறேன். கொலம்பியாக்காரர், வங்காளிகள், ஒரு ரஷ்யப் பாட்டுக்காரி, நான். ஆசிரியை சில்வி நல்ல பெண், சின்ன வயது. ஒரு நாள் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டபோது எனக்கு இன்னும் கொஞ்சம் வைக்க வந்தாள். வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல நினைத்து, சொல்லுக்குச் சொல் மாற்றி, “ஜு சுயி ப்ளேன்” என்றேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மாடு சினையாக இருந்தால்தான் அப்படிச் சொல்வார்களாம். சில்வி என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். நானும் சிரித்தேன். அதில் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் போன வியாழக்கிழமை வந்தது. சில்வி உற்சாகமாக வந்து தன் கைத்தொலைபேசியை உயர்த்திக் காட்டினாள்.

“அடுத்த வாரத்திலிருந்து தினமும் காலையில் உங்கள் போனுக்குப் புதுச் சொற்கள் வரும். நீங்கள் அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். இது ஒரு புதிய முறை. எங்கள் நிலையம்தான் முதலில் செய்கிறது.”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டக் கையை எடுத்தேன். தட்ட வரவில்லை. எழுந்து வெளியே போய், தாழ்வாரத்து ஜன்னலருகே நின்று பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிய முறையாம்! இதே முறைக்காகப் பூனாகலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி என் ஊரில் பொலிஸ் கூண்டில் கிடந்தாள்.

2

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆங்கில வாத்தியார் கிடையாது. நேரசூசியில் ஆங்கிலம் என்று இருக்கும். அந்த மணி அடித்ததும் நாங்கள் விளக்குமாறை எடுத்துக்கொண்டு வளவைப் பெருக்கப் போவோம். எங்களைப் பொறுத்தவரை ஆங்கிலம் என்றால் பெருக்குவது. நான் எப்படியோ தப்பி, பதுளை டவுனில் தங்கிப் படித்து, அங்கேயே ஓர் அரசாங்கக் கல்லூரியில் ஆங்கிலப் போதனாசிரியர் ஆனேன். எப்படித் தப்பினேன் என்பது வேறு கதை. தப்பாதவர்களின் தொகைதான் பெரிது.

கல்லூரிக்கு வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். பூனாகலை, ஹல்துமுல்லை, நமுனுகுல. கணக்கியலில் கெட்டிக்காரர்கள், கம்ப்யூட்டரில் கெட்டிக்காரர்கள். எல்லாவற்றிலும் சித்தியடைந்து ஆங்கிலத்தில் மட்டும் விழுவார்கள். ஆங்கிலத்தில் விழுந்தால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் கொழும்புக் கடையில் மூட்டை தூக்குவது, அல்லது அரபு நாட்டில் வீட்டு வேலை. ஒரு பாடம்தான். ஆனால் அதுதான் வாசலில் நின்றது.

புத்தகத்தைப் படி என்று சொல்வது சுலபம். தோட்டத்து வரிசை வீட்டில், லயத்து அறையில், எங்கே வைத்துப் படிப்பது? ஒரே அறையில் சமைப்பு, படுக்கை, தம்பி தங்கச்சி, பக்கத்து வீட்டு டீவிச் சத்தம். புத்தகத்தை விரிக்க இடமில்லாத வீட்டிலும் ஒரு கைத்தொலைபேசி இருந்ததை நான் கவனித்தேன். இரண்டாயிரத்து ஆறு, ஏழு அளவில் அது வந்துவிட்டது. அரபு நாட்டிலிருந்து அக்கா அனுப்பியது, கொழும்பிலிருந்து அண்ணன் கொண்டுவந்தது. சின்னத் திரை, கறுப்பு வெள்ளை எழுத்து. அந்தப் போனில் தமிழ் எழுத முடியாது. “நான் நாளைக்கு வரேன்” என்பதைக்கூட ஆங்கில எழுத்தில்தான் பிள்ளைகள் அடிப்பார்கள். விரல்களுக்கு எழுத்துப் பழகிவிட்டது. வாய்க்கும் மனதுக்கும்தான் பழகவில்லை.

ஒரு நாள் வகுப்பில் கேட்டேன்.

“காலையில வேலைக்கு ஆள் கூப்பிடுற எடத்துக்கு என்ன பேரு?”

“பெரட்டுக் களம், டீச்சர்.”

“பெரட்டு என்ன பாஷை?”

“தமிழ்தான் டீச்சர்.”

“இல்ல. ஆங்கிலம். பரேட். ஒங்க தாத்தா காலத்துலேர்ந்து ஆங்கிலம் பேசிக்கிட்டுத்தான் இருக்கீங்க. யாரும் ஒங்ககிட்ட சொல்லல, அவ்வளவுதான்.”

வகுப்பே சிரித்தது. அன்று மாலை எல்லோருடைய போனுக்கும் முதல் சொல்லை மெசேஜாக அனுப்பினேன். ஒரு சொல், அதை வைத்து ஒரு சின்ன வாக்கியம். பாடப்புத்தகத்து விமான நிலையமும் கடற்கரையும் வேண்டாம். கொழுந்து லொறி, அட்டை கடித்த கால், மலைப் பீலியில் வழியும் தண்ணீர், சம்பள நாள். அவர்கள் பார்த்த உலகம். படித்ததும் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுக்க வேண்டும். அதற்குக் காசு போகாது. முடிந்தவர்கள் அதே சொல்லை வைத்துத் தங்கள் வாக்கியம் ஒன்றை எழுதி அனுப்பலாம்.

மாலையானால் என் போன் துடித்துக்கொண்டே இருக்கும். அடுப்படியில் வைத்திருப்பேன். ஒவ்வொரு துடிப்பும் ஏதோ ஒரு மலையில் ஒரு பிள்ளை ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

3

தவமணி தினமும் வாக்கியம் அனுப்புவாள். பூனாகலையில் அவள் இருந்த லயத்தில் சிக்னல் வராது. மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஏறி நின்றால்தான் வரும். அப்படி ஏறி நின்று அனுப்புவாள். கொழும்பில் நகைக்கடையில் நின்ற அண்ணன் அவள் போனுக்குக் காசு ரீலோட் போட்டுவிடுவான்.

மெலிந்த பிள்ளை. வகுப்பில் மூன்றாம் வரிசை. எதையும் சும்மா நம்ப மாட்டாள். “ஏன் டீச்சர் அப்படி?” என்பாள். காரணம் இல்லை, அந்த மொழி அப்படித்தான் என்றால் முகத்தைச் சுளிப்பாள். சனி, ஞாயிறுகளிலும் லீவு நாட்களிலும் அம்மா காளியம்மாவோடு கொழுந்து பறிக்கப் போவாள். அப்பா இல்லை.

அவளுடைய வாக்கியங்களில் பிழை குறைந்துகொண்டே வந்தது. முதலில் மூன்று சொற்களில் எழுதியவள் பிறகு இறந்தகாலம், எதிர்காலம், ‘அதனால்’, ‘ஆனாலும்’ எல்லாம் சேர்த்தாள். ஒரு கட்டத்தில் எனக்கே தோன்றியது, இவள் என்னைவிட நன்றாக எழுதுவாள் என்று.

கல்லூரி லீவு வாரம் ஒன்றில் ஒரு மாலை நான் அனுப்பிய சொல் ‘டார்கெட்’. பாடத்திட்டத்தில் வியாபாரக் கடிதப் பகுதியில் இருக்கும் சொல். தோட்டத்திலும் தினமும் புழங்குகிற சொல். ஓர் ஆள் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து எடுக்க வேண்டும் என்று தோட்ட மேலாளர்களான துரைமார் வைக்கிற அளவு. அதைச் சேர்த்தால் முழுச் சம்பளம். மழை பெய்தாலும் அதே அளவுதான்.

தவமணி அன்று எழுதியதைத் தமிழில் சொல்கிறேன். “நேற்று மழையால் நாங்கள் டார்கெட்டைத் தவறவிட்டோம். நாளைக்கு எப்படியும் அதை அடிப்போம்.” டார்கெட்டை எட்டுவதற்கு ஆங்கிலத்தில் ‘ஹிட்’ என்று வரும் என்பதை அவள் தானாகவே எங்கோ பிடித்திருந்தாள். காலம் சரி, வினை சரி, எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. நான் மகிழ்ந்துபோய் “வெரி குட்” என்று பதில் அனுப்பினேன்.

4

லீவு முடிந்து மறு திங்கட்கிழமை தவமணி வகுப்புக்கு வரவில்லை. மத்தியானம் அவளோடு பஸ்ஸில் வந்த பிள்ளை ஒருத்தி அழுதுகொண்டே வந்து சொன்னாள்.

பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வரும் வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். அப்போது அது வழக்கம்தான். யுத்தம் திரும்பவும் மூண்டிருந்த காலம். தமிழ்ப் பெயர் உள்ள அடையாள அட்டை என்றால் இரண்டு தரம் பார்ப்பார்கள். தவமணியின் பையைப் பார்த்த பொலிஸ்காரப் பெண் போனையும் எடுத்துப் பார்த்திருக்கிறாள். உள்ளே ஒரே ஆங்கிலம். மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். அந்தக் கொஞ்சம்தான் வினையாகப் போயிற்று.

“யார் இந்த ‘நாங்கள்’? என்ன டார்கெட்? எங்கே அடிக்கப் போகிறீர்கள்?”

தவமணி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லியிருக்கிறாள், அது கொழுந்து, அது பாடம் என்று. என்னுடைய நம்பரை அவள் ஆங்கில டீச்சர் என்பதைச் சுருக்கி ‘ஈ.டி.’ என்று போனில் வைத்திருந்தாள். “யார் இந்த ஈ.டி.? ஏன் வெரி குட் என்று அனுப்பியிருக்கிறான்?” அதற்கு மேல் அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. பஸ் போய்விட்டது. அவளை ஜீப்பில் ஏற்றினார்கள்.

நான் பொலிஸ் நிலையத்துக்கு ஓடினேன். வாசலில் காளியம்மா குந்தியிருந்தார். மலையிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

“டீச்சர், எம்புள்ள என்னா செஞ்சிச்சுன்னு கேட்டா, இங்கிலீசுல ஏதோ எழுதிச்சுன்றாங்க. படிக்கத்தானே அனுப்புனேன்? எழுதாம எப்புடிங்க படிக்கிறது?”

அவர் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன்.

பொறுப்பதிகாரி என்னை உட்காரச் சொல்லவில்லை. எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஒவ்வொரு மெசேஜாக விளக்கினேன். இது பாடம், இது சொல், இது வாக்கியம்.

“எல்லாருக்கும் ஒரே நேரத்தில் எதற்கு அனுப்புகிறாய்?” என்று கேட்டார்.

“வகுப்பில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தானே சொல்லிக்கொடுப்போம், சேர்?”

“வகுப்பு கல்லூரியில்தானே? போனில் என்ன வகுப்பு? இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. கல்லூரியிலிருந்து கடிதம் கொண்டு வா. இல்லாவிட்டால் நீயும் உள்ளே போக வேண்டிவரும்.”

அவர் கேள்விப்பட்டதில்லை. அதுதான் குற்றம்.

5

எங்கள் கல்லூரி அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு, நேரத்துக்கு வருகிற மனிதர். அவர் எழுதினால் பொலிஸ் நம்பும். நான் மூச்சிரைக்கப் போய் நின்றேன்.

“சேர், ஒரு வரி எழுதித் தாங்க. இந்தப் புள்ள நம்ம காலேஜ்ல படிக்குது, அது இங்கிலீஷ் பாடம்னு. அது போதும்.”

அவர் பேனாவை எடுக்கவில்லை.

“நீங்கள் ஆரிட்டைக் கேட்டு உதைச் செய்தனீங்கள்? போனிலை படிப்பிக்கச் சொல்லி ஏதும் சுற்றறிக்கை வந்ததோ?”

“சுற்றறிக்கை வரல சேர். ஆனா அந்தப் புள்ளைய…”

“நான் கையெழுத்து வைச்சால் நாளைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவாங்கள். எனக்கு ரெண்டு பெடியள் இருக்கினம். விளங்குதோ? உந்தத் தோட்டத்துப் பிள்ளையளுக்கு இங்கிலீஷ் வராட்டில் வராது. அதுக்காக நாங்கள் எல்லாரும் சேர்ந்து சாகேலாது.”

அவருடைய பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் தமிழ் அதிகாரி ஒருவருக்கு வீட்டில் தூக்கம் இருந்திருக்காது. ஆனால் பயந்த மனிதர் மெதுவாகப் பேசுவார். மன்னிப்பும் கேட்பார். இவர் ‘தோட்டத்துப் பிள்ளையள்’ என்று சொன்னபோது குரலில் பயம் இல்லை. அந்தச் சொல்லை எங்கள் காதுகள் நன்றாக அறியும். அரசாங்கக் கந்தோரில், ஆஸ்பத்திரியில், ரயில் டிக்கட் ஜன்னலில் கேட்டு வளர்ந்த காதுகள்.

கடிதம் கிடைக்கவில்லை. தவமணியைத் தடுத்துவைக்க உத்தரவு வாங்கிவிட்டார்கள். நாட்கள் போயின. நானும் காளியம்மாவும் அவளுடைய கொழும்பு அண்ணனும் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினோம். கடைசியில் பண்டாரவளையில் குசும் என்ற சட்டத்தரணி கிடைத்தார். சிங்களப் பெண்மணி. நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“தோட்டத்தில் யாரையாவது பொலிஸ் கேட்டதா, டார்கெட் என்றால் என்ன என்று?”

“இல்லை.”

“இத்தனை நாளாகவா?”

“இல்லை, மிஸ்.”

அவர் சிங்களத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். எனக்கு அது பிரார்த்தனை மாதிரிக் கேட்டது.

நீதவான் முன்னால் குசும் இதையேதான் கேட்டார். நீதவான் பொலிஸைப் பார்த்தார். பொலிஸ் தரையைப் பார்த்தது. தோட்டத்துக்குப் போன் போட்டுக் கேட்கும்படி உத்தரவிட்டார். அன்று பின்னேரமே பொறுப்பதிகாரி போன் போட்டாராம். எடுத்தவர் பெரியதுரை. “டார்கெட்டா? ஆளுக்கு இத்தனை கிலோ என்று தினமும் காலையில் நாங்கள் சொல்வது. வேறென்ன?” என்று சிரித்தாராம். இரண்டு நிமிடப் பேச்சு. அந்த இரண்டு நிமிடத்தை யாரும் செலவழிக்காததால் ஒரு பிள்ளை மூன்று வாரம் உள்ளே கிடந்தது.

விட்டார்கள். வருந்துகிறோம் என்று ஒரு வார்த்தை இல்லை. போனைத் திருப்பித் தரவுமில்லை. வெளியே வந்த தவமணி முதலில் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“டீச்சர், அந்த வாக்கியத்துல ஏதும் பிழை இருந்திச்சா?”

“இல்லம்மா. ஒரு பிழையும் இல்ல.”

“அப்பச் சரி” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

பிழையாகச் சொன்ன என்னைப் பார்த்து மொன்றியலில் சிரித்துத் தோளைத் தட்டினார்கள். பிழையில்லாமல் எழுதிய அவளைப் பூட்டிவைத்தார்கள். இதை நினைக்காமல் என்னால் அந்தப் பிரெஞ்சு வகுப்பில் உட்கார முடியவில்லை.

6

இத்தோடு முடிந்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன். முடியவில்லை.

வரவு குறைந்துவிட்டதால் தவமணி பரீட்சை எழுத முடியாது என்று கல்லூரி சொன்னது. “சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்” என்றார் அதிபர். நான் கல்லூரிக்கு மேலே உள்ள திணைக்களத்துக்குப் போனேன். ஒரு மேசை அடுத்த மேசையைக் காட்டியது. அடுத்த மேசை தேநீருக்குப் போயிருந்தது. கடைசியில் ஓர் உத்தியோகத்தர் இரக்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒரு மெடிக்கல் கொண்டு வாங்கோ. நெருப்புக் காய்ச்சல் எண்டு எந்த டொக்டரும் எழுதித் தருவார். வரவுக் குறைவுக்கு மன்னிப்புக் குடுக்கலாம்.”

நான் சந்தோசமாகத் தவமணியிடம் சொன்னேன். அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

“எனக்குக் காய்ச்சல் இல்லையே டீச்சர். உள்ள வச்சிருந்தாங்க. அத எழுதிக்கிட்டு மன்னிப்புக் குடுக்கச் சொல்லுங்க.”

“அப்படி யாரும் எழுத மாட்டாங்கம்மா. ஒரு வருசம் வீணாப் போயிரும்.”

“போகட்டும். காய்ச்சல்னு எழுதுனா, நாளைக்கு நானே அத நம்பிருவேன்.”

அந்த வருடம் அவளுக்கு வீணாகத்தான் போயிற்று. மலையில் கொழுந்து பறித்தாள். நான் சொற்கள் அனுப்புவதைக் கல்லூரி எழுத்தில் தடைசெய்தது. அனுப்பினால் வேலை போகும் என்று எச்சரிக்கையும் வந்தது. மற்றப் பிள்ளைகளின் பெற்றோரும் பயந்துவிட்டார்கள். மாலையில் என் போன் அடுப்படியில் பேசாமல் கிடந்தது.

“நீ அந்தச் சொல்லை அனுப்பாமல் இருந்திருக்கலாம்” என்று அப்போதே பலர் சொன்னார்கள். சந்திரன்கூட மொன்றியலிலிருந்து போனில் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாடத்தில் உள்ள சொல்லை ஆசிரியை சொல்லிக்கொடுத்தாள். மாணவி படித்தாள். இதில் என் பிழை எங்கே இருக்கிறது? பிழை செய்தவர்கள் எல்லோரும் பதவியில் இருக்க, பிழை செய்யாத இரண்டு பெண்கள் மட்டும் யோசித்து யோசித்துத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டுமா?

அடுத்த வருடம் தவமணி வெளிவாரியாக விண்ணப்பித்துப் பரீட்சை எழுதினாள். பெறுபேறு வருவதற்கு முன் எனக்கு விசா வந்துவிட்டது. விமானம் ஏறினேன். ஆங்கிலத்தில் அந்த வருடம் எங்கள் கல்லூரியின் அதி கூடிய புள்ளி அவளுடையது என்று இங்கே வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். இப்போது ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக இருக்கிறாள்.

7

வியாழக்கிழமை வகுப்பிலிருந்து பாதியில் வந்துவிட்டதைச் சந்திரனிடம் சொன்னேன். “வந்த எடத்துல சண்டை போடாத. அதெல்லாம் முடிஞ்ச கதை” என்றார். நிவேதா சோபாவில் உட்கார்ந்து பிரெஞ்சில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வருடத்தில் அவளுக்கு அந்த மொழி நாக்கில் ஒட்டிக்கொண்டது. தமிழ் நழுவத் தொடங்கிவிட்டது.

“அம்மா, புர்க்குவா வகுப்பைப் பாதியில விட்டுட்டு வந்தே?” என்றாள். பாதித் தமிழ், பாதி பிரெஞ்சு. அவளிடம் தவமணியின் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். கடைசியில், “மெசேஜுக்கா பிடிச்சாங்க? அவங்க ஏன் கம்ப்ளெயின் பண்ணல?” என்றாள். யாரிடம் என்று நான் கேட்கவில்லை. முறையிட ஓர் இடம் இருக்கும் என்று நினைத்து வளர்கிற பிள்ளை அவள். அது நல்லதுதான். ஆனால் அந்த நேரத்தில் அவள் எனக்கு மிகத் தூரத்தில் உட்கார்ந்திருந்தது போல இருந்தது.

ஞாயிறு காலை போன் அடித்தது. தவமணி. அங்கே சாயங்காலம்.

“டீச்சர், நம்ம காலேஜுல இன்னிக்கு ஒரு விழா. போன் மூலமா இங்கிலீஷ் படிப்பிக்கிற திட்டமாம். வெளிநாட்டுலேர்ந்து உதவி. ரிப்பன் எல்லாம் வெட்டுனாங்க.”

சில்வியாவது ஒன்றும் தெரியாதவள். இவர்கள்?

“அதிபர் அவர்தானா?”

“அவருதான். மேடையில நடுவுல.”

திட்டத்தின் முதல் வாசகமே, இந்த மாகாணத்தில் இதற்கு முன் இப்படி யாரும் செய்ததில்லை என்பதாம். கல்லூரிக்குப் புதிதாக வந்த இளம் விரிவுரையாளர் ஒருவர், பழைய கதை எதுவும் தெரியாமல், ஆங்கிலத்தில் அதிகப் புள்ளி எடுத்த தோட்டத்துப் பிள்ளை என்று தவமணியைப் பேசக் கூப்பிட்டுவிட்டார். அழைப்பிதழில் பெயரும் அடித்தாயிற்று. மேடை ஏறுமுன் அதிபர் அவளைத் தனியே கூப்பிட்டிருக்கிறார்.

“என்ன சொன்னாரு?”

“ரெண்டு வார்த்தை நன்றி சொன்னாக் காணும் பிள்ளை, பழசுகளைக் கிளறாதையும் எண்டாரு” என்று அவருடைய பேச்சிலேயே சொல்லிச் சிரித்தாள்.

“நீ?”

“ஏறி நின்னு இங்கிலீசுல ஆரம்பிச்சேன். இந்தத் திட்டம் புதுசு இல்ல, எங்க டீச்சர் முன்னாடியே செஞ்சாங்கன்னு சொன்னேன். ஒங்க பேரச் சொன்னேன். என்னைய எதுக்குப் புடிச்சாங்க, எந்த வாக்கியம், எத்தனை நாள், பரீட்சை எழுத விடலன்னு எல்லாத்தையும் சொன்னேன். பாதியில மைக்க நிப்பாட்டிட்டாங்க.”

“ஐயோ!”

“மைக் எதுக்கு டீச்சர்? இந்த மலையிலேர்ந்து அந்த மலைக்குக் கூப்புட்டுப் பழகுன தொண்டை. மண்டபம் பூராவும் கேட்டிச்சு.”

உதவி கொடுத்த அமைப்பிலிருந்து வந்த வெள்ளைக்கார அம்மா முன்வரிசையில் இருந்திருக்கிறார். எழுந்து அதிபரைப் பார்த்து, இந்தப் பெண் சொல்வது உண்மையா என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள், பெற்றோர், திணைக்களத்து ஆட்கள், எல்லோரும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

“அவரு என்ன சொன்னாரு தவமணி?”

“கைக்குட்டைய எடுத்து மொகத்தத் தொடைச்சாரு. அப்புறம் தலைய ஆட்டுனாரு டீச்சர். ஆமான்னு. எல்லாரும் பாத்தாங்க. எங்கம்மாவும் பாத்திச்சு.”

நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். சந்திரனும் நிவேதாவும் என்னவோ ஏதோ என்று வந்து நின்றார்கள். மறுமுனையில் பஸ் கொண்டக்டர் யாரையோ உள்ளே நகரச் சொல்லிக் கத்துவது கேட்டது.

“அப்புறம் என்னம்மா நடந்திச்சு?” என்று ஒருவாறு கேட்டேன்.

“அப்புறம் எல்லாருக்கும் டீ குடுத்தாங்க. நானும் அம்மாவும் குடிச்சிட்டு பஸ் ஏறிட்டோம். நாளைக்கு ஸ்கூல் இருக்குல்ல, டீச்சர்.”